சைக்கிளுக்கு ஒரு விழா

சைக்கிளில் போகும் ஒருவரை மோட்டார் வண்டி இடித்துத் தள்ளிவிட்டால் அவர் என்ன செய்வார்? உயிர் பிழைத்தால், முதலில் வண்டிக்காரரைத் திட்டுவார். அது மனித சுபாவம். பிறகு போலீஸில் புகார் எழுதிக் கொடுப்பார். அதற்கும் பிறகு நஷ்டஈடு கேட்டு வக்கீல் வீட்டுக்கு நடப்பார். இதற்கெல்லாம் சக்தி இல்லாதவர்கள், "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, நசுங்கிய சைக்கிளைக் காயலான் கடையில் போட்டுவிடுவார்கள்.

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தில், பிரெண்ட் பார்பர் என்பவர் இவை ஒன்றிலும் சேராத ஒரு காரியம் செய்தார். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த அவர்மேல் ஒரு பஸ் மோதியது. அவர் எழுந்து வந்து ஒரு சினிமா விழா தொடங்கினார்!

கதையில் எழுதினால், "இது என்ன ஐயா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு!" என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் நடந்த சம்பவம். 2001-ஆம் வருஷம் தொடங்கிய அந்த விழாவின் பெயர் 'சைக்கிள் திரைப்பட விழா'. சைக்கிளைப் பற்றியும் சைக்கிள் ஓட்டுகிறவர்களைப் பற்றியும் எடுத்த படங்கள் மட்டுமே அங்கே திரையிடப்படும். பெரும்பாலும் குறும்படங்கள்; ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் ஓடுகிறவை. பல வருஷங்கள் அந்த விழா நடந்த இடம் 'ஆந்தாலஜி ஃபிலிம் ஆர்க்கைவ்ஸ்' என்ற படச்சாலை. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் நியூயார்க் நகரத்துக் கோர்ட்டாக இருந்தது. ஆக, மனிதர் கோர்ட்டுக்குப் போகத்தான் போனார். வழக்குக்குப் பதிலாகப் படச்சுருளை எடுத்துக்கொண்டு போனார்.

பஸ் மோதினால் எதற்காகப் படம் காட்ட வேண்டும்? இந்தக் கேள்வியை நான் பல நாள் யோசித்தேன். விடை கிடைத்தது, என் சொந்தக் கதை ஒன்றில்.

பள்ளிக்கூடத்தில் படித்த நாட்களில், ஒரு பௌர்ணமி இரவு, விளக்கு இல்லாத சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முச்சந்தியில் நின்ற ஏட்டு என்னை நிறுத்திக் கீழே இறங்கச் சொன்னார். "ஏட்டையா, நிலா பட்டப் பகல் மாதிரி காய்கிறதே! எனக்கு வழி நன்றாகத் தெரிகிறது" என்று வாதாடினேன். அவர் சிரித்தார். "நீ பார்ப்பதற்கா தம்பி விளக்கு? மற்றவன் உன்னைப் பார்ப்பதற்கு!" என்றார். பிறகு, வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போகும்படி தண்டனை விதித்தார்.

சைக்கிள்காரனுக்கு நேரும் துன்பங்களில் பாதி, அவன் மற்றவர் கண்ணில் படாததால் வருகிறது. லாரியின் கண்ணாடியில் அவன் தெரிவதில்லை. சாலைக்குத் திட்டம் போடுகிற எஞ்சினீயரின் வரைபடத்திலும் பல ஊர்களில் தெரிவதில்லை. இடித்தவர்கள் சொல்லும் முதல் வார்த்தை எந்த நாட்டிலும் ஒன்றுதான்: "நான் பார்க்கவில்லை." பார்க்காதவர்களைப் பார்க்க வைப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த சாதனங்களில் சினிமாவைவிடச் சிறந்தது எது?

சைக்கிளுக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு நேற்று ஏற்பட்டதல்ல. இரண்டும் அண்ணன் தம்பி. இரண்டு சக்கரமும் ஒரே அளவாய், பின்சக்கரத்தைச் சங்கிலி சுழற்றும் இன்றைய சைக்கிளின் உருவத்தை, ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்தில் 1885-இல் செய்து நிலைநாட்டினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொடுத்தார். சரியாகப் பத்து வயது இளையது சினிமா. பிரான்ஸில் லியோன் நகரத்தில் புகைப்படத் தகடுகள் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த லூமியேர் சகோதரர்கள், 1895-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் தங்கள் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே காமிராவை நிறுத்தினார்கள். வேலை விட்டது, கதவு திறந்தது, ஜனங்கள் வெளியே வந்தார்கள். ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக ஓடும் படம். நீண்ட பாவாடையும் தொப்பியும் அணிந்த பெண்கள் கூட்டமாக நடந்து வருகிறார்கள். ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. அவர்களுக்கு நடுவே சில ஆண்கள் சைக்கிளில் ஏறிப் போகிறார்கள்.

அந்த வருஷம் டிசம்பர் 28-ஆம் தேதி பாரிஸில், ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்த 'இந்திய அறை' என்ற கூடத்தில், காசு கொடுத்து வந்த ஜனங்களுக்கு லூமியேர்கள் பத்துப் படங்கள் காட்டினார்கள். அவற்றில் இதுவும் ஒன்று. சினிமா உலகத்தின் மூதாதையான படத்திலேயே சைக்கிள் நுழைந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அந்தப் பத்தும் குறும்படங்களே என்பதையும் கவனியுங்கள். அடுத்த வருஷம், 1896 ஜூலை 7-ஆம் தேதி, பம்பாயில் வாட்ஸன் ஹோட்டலில் நம் தேசத்து முதல் சினிமாக் காட்சி நடந்தபோது காட்டிய ஆறு படங்களிலும் தொழிற்சாலை வாசல் படம் இருந்தது. 'சக்கரங்களின் மேல் சீமாட்டிகளும் சிப்பாய்களும்' என்று இன்னொரு படமும் இருந்தது. அந்நாளைய ஆங்கிலத்தில் 'சக்கரம்' என்றாலே சைக்கிள் என்றும் பொருள் உண்டு.

காமிராவுக்குச் சைக்கிள்மேல் ஏன் இத்தனை ஆசை? எனக்குத் தோன்றும் காரணம் இது. ரயிலில் போகிறவன் நூற்றில் ஒருவன். மோட்டாரில் போகிறவன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறான். நாம் பார்ப்பது மோட்டாரைத்தான். சைக்கிளில் போகிறவனையோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பார்க்கலாம். மேடு ஏறும்போது அவன் பல்லைக் கடிப்பது தெரியும். இறக்கத்தில் அவன் முகம் மலர்வது தெரியும். அவனுடைய களைப்பையும் அவசரத்தையும் மறைக்க அந்த வண்டியில் இடமே கிடையாது. நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் நியூயார்க்கில் சைக்கிள்காரர்களுக்குத் திரை வேண்டியிருந்ததற்குத் தனிச் சரித்திரம் உண்டு. அந்த ஊர் ஒரு காலத்தில் சைக்கிளைச் சீராட்டிய ஊர். புரூக்ளினில் ஓஷன் பார்க்வே என்ற அகன்ற சாலையை ஒட்டி, கடற்கரை வரையில், சைக்கிளுக்கென்றே ஒரு பாதையை 1894-இல் திறந்தார்கள். சினிமா பிறப்பதற்கு முந்திய வருஷம் அது! பிறகு மோட்டார் வந்தது. சைக்கிள் குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகிவிட்டது.

1980-இல் மேயர் எட் கோச் சீனாவுக்குப் போய், வீதி நிறைய சைக்கிள்கள் போவதைக் கண்டு மகிழ்ந்தார். திரும்பி வந்ததும் நகரத்தின் நடுவே சிமெண்டுத் தடுப்புக் கட்டிச் சைக்கிளுக்குப் பாதை ஒதுக்கினார். மோட்டார்க்காரர்களும் கடைக்காரர்களும் கூச்சல் போட்டார்கள். கட்டிய தடுப்பைச் சில வாரங்களிலேயே இடித்துவிட்டார்கள். ஏழு வருஷம் கழித்து அதே மேயர், 1987-இல், நேர் எதிரான உத்தரவு போட்டார். ஐந்தாவது அவென்யூ, பார்க் அவென்யூ, மாடிஸன் அவென்யூ என்ற மூன்று பெரிய வீதிகளில், 31-வது தெருவிலிருந்து 59-வது தெரு வரையில், வேலை நாட்களில் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை சைக்கிளே ஓடக் கூடாது!

அந்த நேரத்தில் அந்த வீதிகளில் சைக்கிள் ஓட்டினவர்கள் பலர் தபால் பையன்கள். கம்பெனிகளுக்கும் வக்கீல் ஆபீஸ்களுக்கும் அச்சகங்களுக்கும் நடுவே அவசரக் காகிதங்களைக் கொண்டு போய்க் கொடுப்பவர்கள். சிவப்பு விளக்கை மதிக்காமல் பறக்கிறார்கள், நடப்பவர்களை இடிக்கிறார்கள் என்று அவர்கள்மேல் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மையும் இருந்தது. ஆனால் காகிதம் சீக்கிரம் வர வேண்டும் என்று அவசரப்படுத்தியவர்கள் அந்த வீதிகளின் மாடிகளில் உட்கார்ந்திருந்தவர்களே. தபால் பையன்கள் கூட்டம் கூட்டமாக, வீதியை அடைத்துக்கொண்டு, நத்தை வேகத்தில் சைக்கிள் ஓட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். கடைசியில், உத்தரவை முறைப்படி முன்கூட்டிப் பிரசுரிக்கவில்லை என்று கோர்ட்டு அதைத் தள்ளிவிட்டது. அவர்களைக் காப்பாற்றியது இரக்கமோ நியாயமோ அல்ல. ஒரு விளம்பரம் அச்சாகாமல் போனதுதான். அந்த ஊரில்தான் பின்னால் பார்பர் சைக்கிள் விழாவைத் தொடங்கினார் என்று நினைத்தால், பஸ்ஸுக்கும் படத்துக்கும் போட்ட முடிச்சு அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

விழா என்றதும் எனக்கு ஒரு பழைய பிரெஞ்சுப் படம் ஞாபகம் வருகிறது. அதன் பெயரே 'திருவிழா நாள்'. 1949-இல் வெளிவந்தது. எடுத்தவரும் நடித்தவரும் ஜாக் டாட்டி. கிராமத்துத் தபால்காரன் ஒருவன்; அவனிடம் ஒரு பழைய சைக்கிள். ஊரில் திருவிழா வருகிறது, ராட்டினம் வருகிறது, கூடாரத்தில் சினிமாவும் வருகிறது. அங்கே, அமெரிக்காவில் தபால்காரர்கள் எத்தனை வேகமாகக் கடிதம் கொடுக்கிறார்கள் என்று ஒரு சின்னப் படம் காட்டுகிறார்கள். பார்த்த மனிதனுக்குப் பித்துப் பிடித்துவிடுகிறது. மறுநாள் அவன் சைக்கிளில் பறக்கிற பறப்பு இருக்கிறதே, அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது.

இந்தப் படத்தை 1947-இல் ஒரு புதிய வர்ண முறையில் எடுத்தார்கள். அந்த முறையில் எடுத்த சுருளிலிருந்து பிரதி போட முடியாமல் போயிற்று. நல்ல வேளையாகப் பக்கத்திலேயே ஒரு கறுப்பு-வெள்ளைக் காமிராவும் ஓடியதால் படம் பிழைத்தது. வர்ணப் பிரதி டாட்டியின் மகளுடைய முயற்சியால் 1995-இல்தான் ஜனங்களுக்குக் கிடைத்தது. டாட்டி அதற்குப் பதின்மூன்று வருஷம் முன்பே காலமாகிவிட்டார். தன் தபால்காரனின் சைக்கிள் வர்ணத்தில் ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை.

டாட்டி சிரிக்க வைத்தார். அதே காலத்தில் இத்தாலியில் டி சிக்கா அழ வைத்தார். 'சைக்கிள் திருடர்கள்' படத்தைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1952-இல் நம் தேசத்தின் முதல் சர்வதேசப் பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. அந்த விழாவின் படங்களில் அதுவும் ஒன்று. லண்டனில் 1950-லேயே அதைப் பார்த்த சத்யஜித் ராய், சினிமாவே தம் தொழில் என்று தீர்மானித்தார். ஒரு திருட்டுப் போன சைக்கிள் வங்காளத்துக்கு 'பதேர் பாஞ்சாலி'யைக் கொண்டு வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் படத்தில் ஒரு சின்னக் காட்சி. வேலையில்லாத ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. சைக்கிள் இருந்தால்தான் வேலை. மனைவி வீட்டுப் படுக்கை விரிப்புகளை அடகு வைத்து, அடகில் இருந்த சைக்கிளை மீட்டுக் கொடுக்கிறாள். முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போகிறது. அந்த நேரத்தில் அவன் சுவரில் ஒட்டிக்கொண்டிருப்பது எது தெரியுமா? ரீட்டா ஹேவொர்த் என்ற ஹாலிவுட் நட்சத்திரத்தின் சினிமாச் சுவரொட்டி! ஊரெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு நடிகையின் படத்தைச் சுருக்கமில்லாமல் தடவி ஒட்டுகிறான் ஓர் ஏழை. அவன் பிழைப்பு களவு போவதை யாரும் தடுக்கவில்லை.

படத்துக்கு வெளியே நடந்தது அதைவிடக் கொடுமை. ரிச்சியாக நடித்த லாம்பெர்ட்டோ மாஜொரானி உண்மையிலேயே ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. படம் முடிந்து வேலைக்குத் திரும்பினார். உலகம் முழுவதும் அவர் முகத்தைப் பார்த்துக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்த நாளில், அவரைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வேலை இழந்தவனாக நடித்தவர் வேலை இழந்தார். ஆகவே, திரையில் தெரிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பார்ப்பது ஆரம்பம், பார்த்தவர்கள் வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்கிறார்கள் என்பதே விஷயம்.

லூமியேர் படத்தில் பெண்கள் நடந்தார்கள், ஆண்கள் சைக்கிளில் போனார்கள் என்று சொன்னேன் அல்லவா? அந்தப் பெண்கள் சைக்கிளில் ஏறுவதற்குள் எத்தனை தடை! ஈரான் தேசத்து மர்ஸியே மெஷ்கினி என்ற பெண்மணி 2000-ஆம் வருஷம் 'நான் பெண்ணான நாள்' என்று ஒரு படம் எடுத்தார். மூன்று சிறுகதைகள் சேர்ந்த படம். நடுக் கதையில், கடலோரச் சாலையில், கறுப்பு அங்கி காற்றில் படபடக்க, பெண்கள் கூட்டமாகச் சைக்கிள் பந்தயம் ஓட்டுகிறார்கள். அவர்களில் ஆஹு என்பவளைப் புருஷன் குதிரைமேல் துரத்தி வருகிறான். "இறங்கு, இல்லாவிட்டால் விவாகரத்து" என்கிறான். அவள் இன்னும் வேகமாக மிதிக்கிறாள். ஆஹு என்றால் மான் என்று பொருளாம்.

2012-இல் சவூதி அரேபியாவில் ஹைஃபா அல் மன்சூர் என்ற பெண்மணி 'வஜ்தா' என்ற படம் எடுத்தார். பத்து வயதுப் பெண் ஒருத்தி ஒரு பச்சைச் சைக்கிளுக்கு ஆசைப்படுகிறாள், அவ்வளவே கதை. ரியாத் வீதியில் அந்தக் காட்சிகளை எடுக்கும்போது, ஆண்களோடு வெளியே நின்று வேலை வாங்க முடியாததால், டைரக்டர் ஒரு வானுக்குள் உட்கார்ந்து வயர்லெஸ்ஸில் பேசி நடத்தினார். சைக்கிள் ஏறும் பெண்ணை உலகத்துக்குக் காட்ட ஒரு பெண் தன்னை ஒளித்துக்கொள்ள வேண்டியிருந்தது! மறு வருஷம், 2013-இல், அந்த நாட்டில் பெண்கள் பூங்காக்களில், உடல் மூடிய உடையோடு, ஆண் துணையோடு சைக்கிள் ஓட்டலாம் என்று அனுமதி வந்தது. படத்தால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலம் கனிந்திருந்தது என்பதைப் படம் காட்டிவிட்டது.

இவையெல்லாம் பெரிய படங்கள். பார்பர் விழாவின் உயிர் சின்னப் படங்களில் இருக்கிறது. அதிலும் ஒரு நியாயம் உண்டு. சைக்கிள் ஏழைக்கும் எட்டும் வண்டி. குறும்படம் ஏழைக்கும் எட்டும் சினிமா. இன்று உலகப் புகழ் பெற்ற ரிட்லி ஸ்காட், கல்லூரி மாணவராக இருந்தபோது, 1962-இல், கல்லூரிக் காமிராவை இரவல் வாங்கி, 65 பவுன் செலவில், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுச் சைக்கிளில் ஊர் சுற்றும் ஒரு பையனைப் படம் எடுத்தார். நடிகருக்குச் சம்பளம் கிடையாது; ஏனென்றால் நடித்தவர் தம்பி டோனி! அதே வருஷம் வெளிவந்த லூயி மாலின் பதினெட்டு நிமிஷப் படம் பிரான்ஸ் தேசத்துப் பெரிய சைக்கிள் பந்தயத்தைக் காட்டுகிறது. ஜெயித்தவன் மாலையை விட்டுவிட்டு, வழியில் ஹோட்டலுக்குள் புகுந்து பாட்டில்களை அள்ளிக்கொண்டு ஓடும் வீரனையும், மயங்கி விழுபவனையும் பார்க்கிறது. குறும்படத்துக்குக் கதாநாயகன் தேவையில்லை. ஒரு மனிதன் போதும்.

நியூயார்க்கில் தொடங்கிய விழா லண்டனுக்கும் டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இன்னும் பல நகரங்களுக்கும் போயிற்று. பாட்டுக் கச்சேரியும் சித்திரக் கண்காட்சியும் சேர்ந்துகொண்டன. 2020-இல் கொள்ளை நோய் வந்து கொட்டகைகள் மூடியபோது, விழா வீட்டுத் திரைக்கே வந்தது. அங்கே காட்டிய படங்கள் எல்லாம் சைக்கிள்காரனைப் புகழ்ந்து பாடுகிறவை என்று நினைக்க வேண்டாம். லூக்காஸ் புரூனெல் என்பவர் தலைக்கவசத்தில் காமிராவைக் கட்டிக்கொண்டு, தபால் பையன்கள் நகர வீதியில் ஓட்டும் திருட்டுப் பந்தயங்களைப் படம் பிடித்தார். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே, சிவப்பு விளக்கை அலட்சியம் செய்து, நூலிழையில் தப்பி ஓடுகிறார்கள். பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது, கோபமும் வருகிறது. அதையும் மறைக்காமல் காட்டினார்களே, அது நேர்மை. கண்ணில் பட வேண்டும் என்று கேட்பவன் தன் குற்றத்தோடு சேர்ந்துதான் கண்ணில் பட வேண்டும்.

2007-இல் அதே நியூயார்க்கில், ஒன்பதாவது அவென்யூவில், சைக்கிளுக்கு ஒரு பாதை அமைத்தார்கள். ஓடும் மோட்டார்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே, நிறுத்தி வைத்த மோட்டார்களையே சுவராக்கிவிட்டார்கள். 1980-இல் கட்டியதை இடித்த ஊர் இதை இடிக்கவில்லை. மேலும் மேலும் கட்டியது. எத்தனையோ பேர் மனுக் கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், எத்தனையோ பேர் வீதியில் உயிரையும் கொடுத்தார்கள். அதன் பலன் அது. விழாவுக்கு அதில் எத்தனை பங்கு என்று தராசில் நிறுக்க என்னால் முடியாது. ஆனால் இருட்டுக் கொட்டகையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பல சைக்கிள்காரர்களின் முகத்தை அருகில் பார்த்தவர், மறுநாள் மோட்டாரின் கதவைத் திறப்பதற்கு முன் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று நம்புகிறேன். அந்த ஒரு பார்வையில் யாரோ ஒருவர் வீடு போய்ச் சேருகிறார்.

அன்று பௌர்ணமி நிலவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது ஏட்டையாவின்மேல் எனக்கு மகா கோபம். மறு வாரம் அப்பாவிடம் அழுது ஒரு டைனமோ விளக்கு வாங்கிப் பொருத்தினேன். முச்சந்தி வழியே வேண்டுமென்றே இரண்டு தடவை போனேன். அவர் என்னைப் பார்த்தார், தலையை அசைத்தார். அவ்வளவுதான். ஆனால் அன்றிரவு வீடு வரும் வரையில், வீதியில் எனக்கும் ஓர் இடம் உண்டு என்று தோன்றிக்கொண்டே இருந்தது.